நூறு வருடம் வாழ்ந்த ஃபிரான்சிஸ்கா: மறைசாட்சியின் மனைவி என்பதோடு நிறுத்திவிடலாமா?

கருக்கல்

அருளாளர் (கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) ஃபிரான்ட்ஸ் யேகர்ஷ்டெட்டரைப் பற்றி இங்கே ஏற்கெனவே இழைகள் ஓடியிருக்கின்றன. ஹிட்லரின் படையில் சேர மாட்டேன் என்று மறுத்ததற்காக 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலை துண்டிக்கப்பட்ட ஆஸ்திரிய விவசாயி. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: "மனைவியையும் மூன்று பெண் குழந்தைகளையும் விட்டுச் சென்றார்."

அந்த மனைவி அதற்குப் பிறகு ஏறக்குறைய எழுபது வருடம் வாழ்ந்தார். அந்த வாழ்க்கையைப் பேசத்தான் இந்த இழை.

ஃபிரான்சிஸ்கா பிறந்தது 1913 மார்ச் 4. பிறந்த வீட்டுப் பெயர் ஷ்வானிங்கர். ஊர், மேல் ஆஸ்திரியாவில் ஹோக்பர்க். விவசாயக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு விடுதியின் சமையல்கட்டில் வேலை பார்த்தவர். 1936 ஏப்ரல் 9, பெரிய வியாழன் அன்று ஃபிரான்ட்ஸைக் கைப்பிடித்தார். மணமானவுடன் இருவரும் ரோமுக்குத் திருப்பயணம் போனார்கள். அந்த யோசனை ஃபிரான்சிஸ்காவுடையது. திரும்பி வந்து சாங்க்ட் ராடெகுண்ட் என்கிற சின்னக் கிராமத்தில், சால்சாக் ஆற்றோரம், பவேரிய எல்லையை ஒட்டிய பண்ணையில் குடும்பம் தொடங்கியது. ஹிட்லர் பிறந்த பிரௌனாவும் அதே மாவட்டம்தான்.

1937, 1938, 1940 என்று மூன்று பெண் குழந்தைகள். வீட்டில் மாமியார். மாடு, புல்வெளி, விளைநிலம். 1940இல் கணவரை ராணுவத்துக்கு அழைத்தார்கள். ஊர் மேயர் தலையிட்டதால் சீக்கிரம் திரும்பி வந்தார். மறுபடி அழைத்தார்கள், 1941 ஏப்ரலில் மறுபடி வந்தார். மூன்றாவது அழைப்பு 1943 பிப்ரவரியில். இந்தமுறை போனவர் திரும்பவில்லை.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். கணவரோடு ஏழு வருடம், அதிலும் பல மாதங்கள் அவர் வீட்டில் இல்லை. அவர் இறந்தபோது இவருக்கு வயது 30. இவர் கண்ணை மூடியது 2013 மார்ச் 16, நூறாவது பிறந்தநாள் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து. கிறிஸ்தவ வரலாற்றில் கடைசி ஐந்தாறு மாதங்களுக்காக ஃபிரான்ட்ஸை நினைக்கிறோம். அது சரிதான். ஆனால் ஃபிரான்சிஸ்காவின் எழுபது வருடத்துக்கு ஒரு வரிகூட மிஞ்சவில்லை என்றால், நாம் எதைப் புனிதம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்?

தெரிந்தவர்கள் எழுதுங்கள். வெறும் புகழ்ச்சி வேண்டாம். அவர் என்ன செய்தார், எதைச் சுமந்தார், அதைச் சொல்லுங்கள்.

---

மணியோசை

நல்ல இழை அக்கா. எனக்கு ஒன்று கேட்க வேண்டும். ஃபிரான்ட்ஸ் இளவயதில் கொஞ்சம் முரட்டு ஆள் என்றும், கல்யாணத்துக்குப் பிறகுதான் பக்தியில் ஆழமானார் என்றும் படித்திருக்கிறேன். அவரை மாற்றியது ஃபிரான்சிஸ்காவா? அப்படியென்றால் அவர் எடுத்த முடிவில் மனைவிக்கும் பங்கு இருக்கிறதே.

---

கருக்கல்

மணியோசை, ஊர்க்காரர்களும் இதையேதான் சொன்னார்கள், குற்றச்சாட்டாக. "கல்யாணத்துக்கு முன்னால் அவன் நம்மைப் போலத்தான் இருந்தான், இவள் வந்துதான் அவனைக் கோயில் பைத்தியமாக்கினாள்" என்கிற மாதிரியான பேச்சு. போர் முடிந்த பிறகும் அது ஓயவில்லை.

உண்மை கொஞ்சம் வேறு. ஃபிரான்ட்ஸ் ஊரில் முதன்முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர். மணமாகும் முன்பே அவருக்கு வேறொரு பெண்ணிடம் ஒரு குழந்தையும் உண்டு. ஃபிரான்சிஸ்கா அதைத் தெரிந்துதான் கல்யாணம் செய்தார், அந்தக் குழந்தையைத் தாங்களே வளர்க்கிறோம் என்றும் கேட்டுப் பார்த்தார்கள். தாய் வீட்டார் சம்மதிக்கவில்லை. அதே சமயம், கல்யாணத்துக்கு முன்பே ஃபிரான்ட்ஸுக்கு விசுவாசத்தில் தீவிரமான தேடல் தொடங்கிவிட்டது. ஃபிரான்சிஸ்கா புதிதாக எதையும் திணிக்கவில்லை. ஒன்றாகச் செபிக்க, ஒன்றாக வேதாகமம் வாசிக்க ஒரு ஆள் கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது.

ஆனால் எல்லாவற்றிலும் கணவருக்கு முன்னால் நின்றவர் என்று அவரைக் காட்டுவதும் நியாயமில்லை. 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. ஏப்ரல் 10ஆம் தேதி அதை அங்கீகரிக்கச் சொல்லி வாக்கெடுப்பு. ஃபிரான்ட்ஸுக்கு அந்தப் பக்கமே போக விருப்பமில்லை. போகாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து, அவரை வற்புறுத்தி அனுப்பியவர் ஃபிரான்சிஸ்கா. அவர் போய் எதிர்த்து வாக்களித்தார். ஊரில் அப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அறிவித்ததோ நூறு சதவீதம் ஆதரவு என்று. அந்தப் பயத்தை நான் ஒரு குறையாகவே பார்க்கவில்லை. கையில் ஒரு வயதுகூட ஆகாத குழந்தை, வயிற்றில் அடுத்தது. அப்போது யாருக்குப் பயம் வராது?

இன்னொரு விஷயம், இது எங்கேயும் சரியாகக் கணக்கில் வருவதில்லை. நாஜி அரசு கொடுத்த குழந்தைகளுக்கான உதவித்தொகையை ஃபிரான்ட்ஸ் வாங்க மறுத்தார். ஆலங்கட்டி மழையில் பயிர் சேதமானபோது வந்த நிவாரணத்தையும் தொடவில்லை. எல்லாக் கட்டுரையிலும் "அவர் மறுத்தார்" என்றுதான் இருக்கும். சரி, அந்தப் பணம் யார் அடுப்புக்கு வர வேண்டிய பணம்? மூன்று குழந்தைகளுக்கு உடுப்பும் காலணியும் பார்த்தது யார்? மறுப்பு அவருடையது என்றால் அந்தக் குறையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியது இவர். நான் அதை இருவரின் மறுப்பு என்றுதான் சொல்வேன்.

---

வரப்பு

நானும் விவசாயம் பார்க்கிறவன். அதனால் எனக்கு இந்தக் கதையில் எப்போதும் ஒரு கோபம் உண்டு. மன்னிக்கவும், மறைக்காமல் சொல்கிறேன்.

மாடு வைத்திருக்கிற வீட்டில் ஒருநாள்கூட விடுப்பு கிடையாது. காலையும் மாலையும் கறக்க வேண்டும், கையால். குளிர்காலத்தில் மாடு முழுக்கத் தொழுவத்துக்குள்தான், தீனியும் தண்ணீரும் நாம்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும், சாணம் வார வேண்டும். அந்தத் தீனிக்காகக் கோடையிலேயே புல் அறுத்து, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, மழை வருவதற்குள் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். மழை முந்திக்கொண்டால் புல் பூஞ்சை பிடித்துவிடும், குளிர்காலம் முழுக்கத் திண்டாட்டம். இயந்திரம் அதிகம் இல்லாத காலம். இதெல்லாம் ஒரு பெண்ணும் வயதான மாமியாரும் செய்ய வேண்டியது, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒன்று.

இது தெரிந்த ஒரு விவசாயி எப்படி "எனக்கு மனசாட்சிதான் முக்கியம்" என்று கிளம்பினார்? அவர் செய்தது வீரம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வீரத்துக்கு விலை கொடுத்தது வேறு ஆள். பங்குச் சாமியாரும் உறவினர்களும் குடும்பத்தைப் பார் என்று அவரிடம் சொன்னார்களாமே, அவர்கள் எல்லோரும் கோழைகளா?

---

பழைய ஏடு

வரப்பு, உங்கள் கேள்வி ஃபிரான்ட்ஸிடமே எல்லோரும் கேட்ட கேள்விதான். அவர் லின்ஸ் ஆயர் யோசப் ஃப்ளீஸரைப் போய்ப் பார்த்தார். ஆயரும் குடும்பத்தின் பொறுப்பைத்தான் நினைவூட்டினார். ஃபிரான்சிஸ்காவும் கூடப் போயிருந்தார், ஆனால் வெளியே காத்திருந்தார். வெளியே வந்தபோது கணவரின் முகம் வாடியிருந்ததை அவர் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் ஃபிரான்சிஸ்கா யார் என்பது தெரிகிறது. அவரும் முதலில் கணவரைத் தடுக்கத்தான் பார்த்தார். உறவு முழுக்க ஒரு பக்கம், தாயார் ஒரு பக்கம், சாமியார் ஒரு பக்கம், எல்லோரும் அவரோடு வாதாடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒரு கட்டத்தில் வாதாடுவதை நிறுத்திவிட்டார். நானும் அவர் பக்கம் நிற்காவிட்டால் அவருக்கு யாருமே இல்லையே, இதுதான் அவர் பிற்காலத்தில் சொன்ன காரணம். இறையியல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அவரை யாரும் ஏமாற்றவில்லை. முடிவு எதுவாக இருக்கும் என்று முழுக்கத் தெரிந்துதான் நின்றார். அதனால் "விலை கொடுத்தது வேறு ஆள்" என்பதோடு நிறுத்தாமல், விலை தெரிந்தே அதற்குச் சம்மதித்த ஆள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. கட்டாயத்தில் விட்டுக்கொடுப்பது வேறு. இது அவராக எடுத்த முடிவு.

1943 மார்ச் தொடக்கத்தில் என்ஸ் நகரப் படைமுகாமில் ஃபிரான்ட்ஸ் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று அறிவித்தார். லின்ஸ் சிறை. மே மாதம் பெர்லினின் டேகல் சிறைக்கு மாற்றினார்கள். ஜூலை 6 அன்று மரண தண்டனை. அந்த வசந்தத்தில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. மூன்று குழந்தைகளும் வரிசையாக நிற்கிறார்கள், கையில் ஒரு பலகை, "அன்பான அப்பா, சீக்கிரம் வாருங்கள்" என்று எழுதியிருக்கிறது. அதைச் சிறையில் இருந்த கணவருக்கு அனுப்பி வைத்தார். அதைப் பார்த்தால் என்னால் நீண்ட நேரம் பேச முடியாது.

தீர்ப்புக்குப் பிறகு ஜூலை நடுவில், அறுவடைக் காலத்தில், பண்ணையை விட்டுவிட்டுப் பெர்லினுக்கு ரயிலேறினார். கூட ஊர்ப் பங்குப் பொறுப்பில் இருந்த இளம் சாமியார் ஃபெர்டினாண்ட் ஃபூர்தௌவர். கணவரைப் பார்க்கக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். சாமியார் அந்த நேரத்திலும் அவர் மனதை மாற்ற முயன்றார். ஃபிரான்சிஸ்கா முயலவில்லை.

---

வரப்பு

படித்தேன். அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் குழந்தைகள் சம்மதிக்கவில்லையே என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஃபிரான்சிஸ்கா மீது எனக்கு மரியாதை கூடியிருக்கிறது, ஃபிரான்ட்ஸிடம் கேள்வி மீதி இருக்கிறது.

---

தாழ்வாரம்

நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள். இதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் அம்மாவும் சின்ன வயதில் அப்பாவை இழந்து நிலத்தைக் கையில் எடுத்தவர். அதனால் கணவர் இறந்த நாளைவிட அதற்கு அடுத்த வருடங்கள்தான் கடினம் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். இறந்த நாளில் எல்லோரும் வருவார்கள். மூன்றாவது வருடம் வாய்க்கால் தகராறுக்கு யாரும் வரமாட்டார்கள்.

ஃபிரான்சிஸ்காவுக்கு இறந்த நாளில்கூட யாரும் வரவில்லை என்பதுதான் வித்தியாசம். உடல் இல்லை, சாம்பல்தான் மிச்சம். அதுவும் பிராண்டன்பர்க்கில் கன்னியர்கள் இடத்தைக் குறித்துப் பாதுகாத்ததால் மிஞ்சியது. போர் முடிந்த பிறகுதான் ஊர் வந்து சேர்ந்தது. 1946 ஆகஸ்ட் 9 அன்று, சரியாக மூன்று வருடம் கழித்து, ஊர்க் கோயிலின் சுவரோரம் அடக்கம் செய்தார்கள். மூன்று வருடம் ஒரு கல்லறைகூட இல்லாமல் துக்கம் காத்திருக்கிறார்.

ஊரில் இருந்த மற்ற விதவைகளின் கணவர்கள் போர்முனையில் இறந்தவர்கள். அவர்களுக்கு உதவித்தொகை வந்தது. ஃபிரான்சிஸ்கா விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு என்று சட்டம் இருந்தும், இவர் கணவர் செய்தது சுதந்திர ஆஸ்திரியாவுக்கான போராட்டத்தில் சேராது என்கிற மாதிரி வாதம் வைத்தார்கள். 1950 வரை அந்தப் பணம் கிடைக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், அவரைக் கொன்ற அரசு ஒழிந்துவிட்டது, புதிய அரசு வந்துவிட்டது, அதற்குப் பிறகும் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் மூத்த குழந்தை பள்ளிக்கூடத்தில் பாதி தாண்டியிருக்கும்.

ஊரைவிட்டே போயிருக்கலாம். பிறந்த ஊர் பக்கத்தில்தான். போகவில்லை. அதே பண்ணையில், முதுகுக்குப் பின்னால் பேசிய அதே ஜனங்களுக்கு நடுவில், அதே கோயிலுக்குத் தினமும் போய்க்கொண்டு இருந்தார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஃபிரான்ட்ஸ் 1941இலிருந்து கோயிலில் திருப்பொருளறைப் பொறுப்பு பார்த்தார். பீடம் தயார் செய்வது, திருவுடைகளை எடுத்து வைப்பது, மணி அடிப்பது. அவர் போன பிறகு அந்த வேலையை ஃபிரான்சிஸ்கா எடுத்துக்கொண்டார். பல வருடம் பார்த்தார். தன்னைக் குறை சொல்லும் ஊரைத் திருப்பலிக்குக் கூப்பிட மணி அடித்தவர் அவர். நான் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், அன்றைக்கு வேறு எதுவும் படிக்கவில்லை.

---

மணியோசை

தாழ்வாரம் அக்கா, நன்றி. ஒரு சந்தேகம். கோயில் தரப்பிலிருந்தாவது ஆறுதல் கிடைத்ததா? மறைமாவட்டம் என்ன செய்தது?

---

பழைய ஏடு

சுருக்கமாகச் சொன்னால், நெடுங்காலம் எதுவும் செய்யவில்லை. 1946இல் ஃபிரான்ட்ஸைப் பற்றி மறைமாவட்டப் பத்திரிகையில் ஒரு கட்டுரை போட முயற்சி நடந்தது. ஆயர் அனுமதிக்கவில்லை. மனசாட்சிப்படி கடமையைச் செய்து போர்முனையில் இறந்த கத்தோலிக்க இளைஞர்கள்தான் பெரிய வீரர்கள் என்பது அவர் நிலை. அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மகனையும் கணவரையும் பறிகொடுத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவருடைய மறைமாவட்டத்தில் இருந்தன. ஃபிரான்ட்ஸ் செய்தது சரி என்றால் அந்தப் பிள்ளைகள் எதற்காக இறந்தார்கள் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியைத் தாங்க யாரும் தயாராக இல்லை. ஊரின் மௌனத்துக்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கேள்வியின் பாரம் முழுவதும் ஒரே ஒரு வீட்டின் மேல் விழுந்தது.

தனிப்பட்ட முறையில் ஆறுதல் சொன்ன குருக்கள் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பெர்லினில் சிறைக் குருவாக இருந்த ஹைன்ரிக் க்ரோய்ட்ஸ்பெர்க் ஃபிரான்சிஸ்காவுக்குக் கடிதம் எழுதினார். அதே காரணத்துக்காக 1942இல் கொல்லப்பட்ட ஃபிரான்ட்ஸ் ரைனிஷ் என்ற குருவைப் பற்றி ஃபிரான்ட்ஸிடம் சொல்லித் தெம்பூட்டியவரும் அவரே. ஊரின் பழைய பங்குத்தந்தை கரோபாத்தும் இறுதிவரை நல்ல நண்பர்.

கதை வெளியே வந்தது ஒரு வெளிநாட்டவரால். கார்டன் ஜான் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர், ஹிட்லரின் போரில் ஜெர்மானியக் கத்தோலிக்கர் என்ன செய்தார்கள் என்று ஆராயும்போது ஃபிரான்ட்ஸின் பெயர் கண்ணில் பட்டது. ஊருக்கே வந்து ஆட்களிடம் பேசினார், 1964இல் புத்தகம் வந்தது. அடுத்த வருடம், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இந்த விவசாயியின் உதாரணத்தை முன்வைத்தவர் தாமஸ் ராபர்ட்ஸ், முன்பு பம்பாயின் பேராயராக இருந்த இயேசு சபைக்காரர். போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராதவர்களுக்குச் சட்டம் மனிதநேயத்தோடு வழி செய்ய வேண்டும் என்று சங்க ஏடு சொல்வது அந்த வருடம்தான்.

இதெல்லாம் நடக்கும்போது ஃபிரான்சிஸ்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இருபது வருடம் ஊமையாகக் கிடந்த விஷயம். அந்த இருபது வருடமும் கணவரின் கடிதங்களை ஒன்றுவிடாமல் பத்திரமாக வைத்திருந்தார். இதை அழுத்திச் சொல்கிறேன். அவர் அந்தக் கடிதங்களை எரித்திருந்தால், அல்லது ஈரத்தில் கெட்டுப்போக விட்டிருந்தால், நமக்கு ஃபிரான்ட்ஸ் என்று ஒரு ஆள் கிடைத்திருக்கமாட்டார். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத விவசாயி எழுதியதை உலகம் வாசிக்கிறது என்றால், ஒரு பெண் அவற்றைக் காப்பாற்றியதால்தான்.

---

கருக்கல்

கடிதங்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, அதனால் நானும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபிரான்ட்ஸின் வாழ்க்கையை எழுதிய எர்னா புட்ஸ் பின்னால் இருவரின் கடிதங்களையும் முழுமையாகத் தொகுத்தார். முன்பு ஃபிரான்ட்ஸின் பக்கம்தான் பெரும்பாலும் வெளியே தெரிந்தது. ஃபிரான்சிஸ்காவின் கடிதங்களும் சேர்ந்து வந்தபோதுதான் அந்தத் திருமணம் எப்படிப்பட்டது என்று புரிந்தது.

அவற்றில் வேலைப் பேச்சும் செபமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். விதைப்பு எப்படிப் போகிறது, மாடு எப்படி இருக்கிறது, குழந்தைகள் என்ன சொன்னார்கள், அப்புறம் உங்களுக்காகச் செபிக்கிறோம். ஒருவரை ஒருவர் மிகவும் நேசித்த இருவர் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. விட்டுவிட்டுப் போனது மனம் கல்லானதால் இல்லை என்பதற்கு எனக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். (வரப்பு அண்ணா, முடிந்தால் அந்தத் தொகுப்பைப் படியுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. உங்கள் கேள்வி மாறாமல் இருக்கலாம், ஆனால் கேட்கிற குரல் மாறும்.)

---

மணியோசை

அப்படியென்றால் கேட்டே விடுகிறேன். ஃபிரான்ட்ஸுக்கு அருளாளர் பட்டம் கொடுத்த திருச்சபை ஃபிரான்சிஸ்காவுக்கும் ஏன் தரக்கூடாது? கணவன் மனைவி இருவரையும் சேர்த்துப் புனிதர் ஆக்கிய வழக்கம் இருக்கிறதே. குழந்தை தெரேசாவின் பெற்றோரை 2015இல் ஒன்றாகப் புனிதர்களாக அறிவித்தார்களே.

---

பழைய ஏடு

மறைசாட்சிக்கும் மற்றவர்களுக்கும் நடைமுறை வேறு. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார் என்று நிரூபணமானால் அருளாளர் பட்டத்துக்கு அற்புதம் தேவையில்லை. ஃபிரான்ட்ஸுக்கு மறைமாவட்ட விசாரணை 1997இல் தொடங்கியது. அதே வருடம் மே மாதம் பெர்லின் நீதிமன்றம் 1943 தீர்ப்பை ரத்து செய்தது. 2007 ஜூன் 1 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரை மறைசாட்சி என அங்கீகரித்தார், அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் பட்டம்.

தினசரி வாழ்வால் புனிதரானவர்களுக்குப் பாதை நீளம். வீரத்துவமான நற்பண்பு என்று ஒவ்வொன்றாக நிறுவ வேண்டும், பிறகு அற்புதம் வேண்டும். ஒரு விவசாயப் பெண்ணின் வாழ்க்கையில் எதை ஆவணமாகக் காட்டுவது? கறந்த பாலையா? வளர்த்த பிள்ளைகளையா? அதனாலேயே பட்டியலில் துறவிகளும் சபை நிறுவுநர்களும் நிறைந்திருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டு மாட்ரிட்டின் விவசாயி புனித இசிதோரும் அவர் மனைவி மரியாவும் இருக்கிறார்கள். இசிதோர் 1622இல் இஞ்ஞாசியார், சவேரியார், அவிலா தெரேசா, பிலிப்பு நேரி ஆகியோரோடு புனிதராக அறிவிக்கப்பட்டவர். மரியாவின் பக்தியை ரோம் ஏற்றது 1697இல். அதே வயல், அதே வறுமை, அதே செபம். மனைவிக்கு எழுபத்தைந்து வருடம் கூடுதல் காத்திருப்பு.

---

தாழ்வாரம்

பட்டம் வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறையில்லை. ஆனால் 2007 அக்டோபர் 26ஐப் பற்றி யாராவது எழுதுங்கள். அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லட்டும்.

---

கருக்கல்

நான் சொல்கிறேன்.

ஃபிரான்சிஸ்காவுக்கு அப்போது 94 வயது. லின்ஸ் பேராலயத்தில் முன்வரிசையில் மகள்களோடு இருந்தார். கணவரின் திருப்பண்டம், அதாவது உடலின் மிச்சம், இருந்த கலத்தை அவர் கையில் கொடுத்தார்கள். அதை முத்தமிட்டுத் திருச்சபையிடம் ஒப்படைத்தார். தன் கணவரை அருளாளராக அறிவிப்பதை மனைவி நேரில் இருந்து பார்ப்பது எவ்வளவு அபூர்வம் என்று சொல்ல வேண்டியதில்லை. மகள்களும் அப்போது அறுபது வயதைத் தாண்டியவர்கள். அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே மூன்று பேர்.

இதை வைத்து "கடைசியில் எல்லாம் நன்றாக முடிந்தது" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 64 வருடம் தாமதமாக வந்த நீதி அது. அதற்குள் மாமியார் போய்விட்டார், குறை சொன்னவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள், 30 வயதில் தேவைப்பட்ட துணை 94 வயதில் வந்து என்ன செய்யும்? ஃபிரான்சிஸ்காவிடம் கசப்பு இல்லை என்று சந்தித்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். நம்புகிறேன். ஆனால் அவருக்குக் கசப்பு இல்லை என்பதால் அவருக்குச் செய்தது சரியாகிவிடாது.

மணியோசை கேட்ட கேள்விக்கு என் பதில்: அவருக்கும் புனிதர் பட்டத்துக்கான வழக்கு தொடங்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மறைசாட்சியின் மனைவி என்பதற்காக இல்லை. 1943க்கு அப்புறம் ஒவ்வொரு விடியலிலும் எழுந்து தொழுவத்துக்குப் போனதற்காக, குழந்தைகளை அப்பா மேல் வெறுப்பில்லாமல் வளர்த்ததற்காக, தன்னை ஒதுக்கிய ஊரின் கோயிலைத் துடைத்து வைத்ததற்காக. ஃபிரான்ட்ஸ் "முடியாது" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அதன் விளைவை நாள்தோறும் ஏற்றுக்கொண்டே இருந்தது இவர். இரண்டில் எது பெரிது என்று தராசில் வைக்கச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பாதி என்கிறேன்.

அவர் பிறந்தபோது ஆஸ்திரியாவில் பேரரசர் ஃபிரான்ட்ஸ் யோசப் ஆட்சி, திருச்சபையில் பத்தாம் பயஸ். இறந்தபோது திருத்தந்தை பிரான்சிஸ் தேர்வாகி மூன்று நாள் ஆகியிருந்தது. இரண்டு உலகப்போர், பேரரசின் முடிவு, நாஜி ஆட்சி, அமெரிக்கப் படைகளின் ஆக்கிரமிப்பு, 1955 ஒப்பந்தத்துக்குப் பிறகு சுதந்திர நாடு. லத்தீன் திருப்பலி ஜெர்மன் திருப்பலியானது. இத்தனை மாறியும் அவர் வாழ்ந்தது கிட்டத்தட்ட ஒரே சில மைல் சுற்றளவுக்குள்.

---

வரப்பு

"ஒரே முடிவின் இரண்டு பாதி." இதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. எங்கள் வீட்டிலும் நிலப் பத்திரம் அப்பா பேரில்தான் இருந்தது, உழைப்பு அம்மாவுடையது. நாங்களும் அப்பாவைப் பற்றித்தான் பேசி வளர்ந்தோம். அந்தக் கடிதத் தொகுப்பு வாங்குகிறேன். படித்துவிட்டு இங்கேயே சண்டைக்கு வருவேன்.

---

மணியோசை

ஆகஸ்ட் 9 அன்று சாங்க்ட் ராடெகுண்டில் வருடாவருடம் கூடி, ஃபிரான்ட்ஸ் இறந்த மாலை 4 மணிக்குச் செபிக்கிறார்கள் என்று படித்தேன். அவர்கள் வாழ்ந்த பண்ணை வீடும் இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. இந்த இழையில் இருப்பவர்களும் அன்று ஒரு செபமாலை சொல்லலாமா? ஃபிரான்சிஸ்காவுக்காக மார்ச் 16 அன்றும் ஒன்று.

---

கருக்கல்

சொல்லலாம். மார்ச் 16க்கு நான் நினைவூட்டல் போடுகிறேன். பழைய ஏடு ஐயா, உங்களுக்கு ஜெர்மன் வாசிக்க வரும் என்று முன்பு சொன்னதாக ஞாபகம். 1943 வசந்தத்தில் ஃபிரான்சிஸ்கா எழுதிய கடிதங்களை மட்டும் தேதிவாரியாக எடுத்து, என்ன விஷயம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதித் தர முடியுமா? தனி இழையாகத் தொடங்கிவிடலாம். ஃபிரான்ட்ஸின் பதில்களை அதற்குக் கீழே போடுவோம்.

---

பழைய ஏடு

செய்கிறேன். அடுத்த மாதத்துக்குள் முதல் பகுதி தருகிறேன்.